பூசைமாடமும் பள்ளியும்: கே.எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ புதினத்தில் இளையோர் அடையாளம்

மலேசிய இந்தியர் வாழ்வை ஆங்கிலத்தில் புனைந்தோருள் குறிப்பிடத்தக்கவர் கே.எஸ். மணியம் (1942–2020). கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த அவர், பெட்டாலிங் ஜெயாவின் எல்லையில் அமைந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அவருடைய முதற்புதினமாகிய ‘தி ரிட்டர்ன்’ 1981இல் வெளிவந்தது. ஆங்கிலக் கல்வி ஓர் இந்தியச் சிறுவனை அவன் வேரிலிருந்து பிரித்த கதையாகவே இதனைப் படிப்பது வழக்கம். அவ்வாசிப்பு பிழையன்று, ஆயினும் குறையுடையது. பள்ளி அகலமாக்கிய அப்பிளவு வீட்டுப் பூசைமாடத்தின் முன்பே தொடங்கிவிட்டது என்று கருத இடமுண்டு.

கதைசொல்லியாகிய இரவியின் பாட்டி பெரியதாய், புதல்வர்களுடன் இந்தியாவிலிருந்து வந்தவள். கால்நடையாய்ச் சென்று பொருள் விற்றுப் பிழைத்து, வீடு கட்டியவள். அவ்வீட்டின் நடுநாயகம் நடராசர் திருவுருவம். அவளுடைய சமயம் சொல்லால் ஆனதன்று. விளக்கேற்றுதல், தொழுதல் முதலிய செயல்களால் ஆனது. சிறுவனுக்கு அது போதும். பதின்ம வயதினனுக்குப் போதாது. அவன் ‘ஏன்’ என்று கேட்கும் பருவத்தை எட்டிவிட்டான். ஆங்கிலப் பள்ளியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையும் ஒரு விளக்கமும் கிடைக்கின்றன. வீட்டிலோ மரபு செய்துகாட்டப்படுகிறதேயன்றிச் சொல்லித்தரப்படுவதில்லை. விளக்கமற்ற சடங்கு அவன் கண்ணுக்கு வறுமையின் ஓர் அங்கமாகத் தோன்றத் தலைப்படுகிறது. எனவே, இரவி இழப்பது நம்பிக்கையை மட்டுமன்று. நம்பிக்கையைப் பேசுதற்குரிய மொழியையும் ஆகும்.

இது பழங்கதை எனத் தள்ளத்தக்கதன்று. பெட்டாலிங் ஜெயாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவன், தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி வழிக் கல்விக்கு மாறுகிறான். தமிழ் அங்கு ஒரு பாடமாகச் சுருங்குகிறது. சில பள்ளிகளில் அதுவும் இல்லை. முஸ்லிம் மாணவர்க்கு இஸ்லாமியக் கல்வி உண்டு. ஏனையோர்க்கு நன்னெறிக் கல்வியே. ஆகவே சைவமும் வைணவமும் வீட்டையும் கோயிலையும் சார்ந்தே நிற்கின்றன. பன்னிரண்டு வயதுக்குப் பின் தமிழனாக இருத்தல் என்பதன் பெருஞ்சுமை கோயிலின்மேல் விழுகிறது. பத்துமலைத் தைப்பூசத்தில் காவடி ஏந்தும் இளைஞனிடம் இரவியின் கூச்சம் இல்லை; பெருமிதமே உண்டு. எனினும் தான் ஏந்துவதன் பொருளைத் தமிழில் கூற இயலாது தடுமாறுவோர் அவர்களுள் உளர் என்பதைத் தமிழாசிரியர் அறிவர்.

தமிழ்ப் பண்பாட்டை இந்து சமயத்தோடு முற்றாக ஒன்றெனக் கொள்ளும் நம் வழக்கத்தையும் இங்கே ஐயுற வேண்டும். பிரிக்பீல்ட்சில் தமிழில் வழிபாடு நடத்தும் கிறித்தவத் தேவாலயங்கள் உள்ளன. அங்குத் தமிழில் மறையுரை கேட்டு வளரும் பிள்ளைக்குக் காவடி இல்லை. ஆனால் சமயத்தைப் பேசத் தமிழ் இருக்கிறது. ‘யார் தமிழ்ப் பண்பாட்டினர்’ என்னும் வினாவுக்குக் காவடியை மட்டும் அளவுகோலாக்கினால் அப்பிள்ளையை எங்கே வைப்பது?

புதினத்திற்கு மீள்வோம். அதன் குறை, எல்லாவற்றையும் இரவியின் கண்வழியே காட்டுவது. அதனால் பாட்டியின் சமயம் இறுதிவரை புதிராகவே நின்றுவிடுகிறது. தமிழ்ப்பள்ளிக்கோ மிகக் குறைந்த இடமே கிடைக்கிறது. ஆனால் இக்குறையே பிற்பகுதிக்கு வலிமையும் தருகிறது. இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துத் திரும்பும் இரவி, தந்தை கண்ணன் நிலத்தின்மேல் கொண்ட வேட்கையால் தனக்கென ஒரு வழிபாட்டைப் படைத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறான். தமிழும் மலாயும் சீனமும் கலந்த அவ்வழிபாட்டு மொழி மகனுக்கு விளங்குவதில்லை. தந்தை தீயில் மாண்டபின் அவருக்காக மகன் எழுதும் கவிதையோடு நூல் முடிகிறது. அக்கவிதை ஆங்கிலத்தில் உள்ளது.