பிறப்பியலும் உயிரொலிப் பகுப்பும்

இற்றை ஒலியியலார் வரையும் உயிரொலிப் படத்தைத் தொல்காப்பியர் முன்னரே கண்டுவிட்டார் என்னும் கூற்று நம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. இங்ஙனம் கூறுவோர் முன்னுயிர், பின்னுயிர், மேலுயிர், இடையுயிர், கீழுயிர் எனக் கட்டங்கள் வரைந்து, பன்னீருயிரையும் அவற்றுள் நிரப்பி, அதனையே பிறப்பியலின் கருத்தென எழுதுகின்றனர். நூற்பாக்கள் அவ்வளவும் கூறுகின்றனவா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

மிடற்றில் எழும் வளியால் உயிர்கள் இசைக்கும் என்று பொதுவகையாற் கூறிய ஆசிரியர், அவற்றை மூன்று கூட்டமாக்குகிறார். அ, ஆ இரண்டும் வாய் அங்காத்தலாற் பிறக்கும். இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்திற்கும் அங்காப்போடு மேற்பல்லை அடிநாவின் விளிம்பு பொருந்துதலும் வேண்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிதலாற் பிறக்கும். கூட்டத்துள் ஒன்றற்கொன்று உள்ள வேறுபாடு சிறிது என்று மட்டும் கூறி அமைகிறார். நாவின் உயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாம் கூட்டத்திற்குக் கூறிய இலக்கணம் வியக்கத்தக்கது. இகரத்தை ஒலித்து நிறுத்திப் பார்ப்பார்க்கு நாவின் இரு பக்க விளிம்பும் மேற்கடைவாய்ப் பற்களைத் தொடுவது புலனாகும். செயற்கை அண்ணத்தில் மாவு தூவிக் காணும் ஆய்விலும் இத்தடமே பதிகிறது. எகரத்தில் அது குறைகிறது. ஆசிரியர் கண்ணாற் கண்டதும் நாவால் உணர்ந்ததும் ஆகியவற்றையே அளவையாகக் கொண்டார் போலும். உகரத்திற்குப் பின்னா எழுதலைக் கூறாது இதழ்குவிவை மட்டும் கூறியமைக்கும் இதுவே காரணமாதல் கூடும். பின்னா எதனையும் தொடுவதில்லை. அகரத்தில் தொடங்கும் ஐகார ஔகாரங்களை அவை சென்று முடியும் இடங்கொண்டே பகுத்தமையும் நோக்கத்தக்கது.

உயர அளவை வேறொரு மரபினது. 1867இல் மெல்வில் பெல் நாவின் நிலையை மேல், இடை, கீழ் எனப் பிரித்தார். டேனியல் ஜோன்ஸ் எட்டு அடிப்படை உயிர்களை நாற்கரத்தில் அமைத்தார். அப்படமும் நாவின் நிலையை மட்டும் அளந்து வரைந்ததன்று. இடைப்பட்ட உயிர்களைச் செவியின் துணையாலேயே ஜோன்ஸ் நிறுத்தினார். 1928இல் ஆஸ்கர் ரசல் எக்ஸ் கதிர்ப்படங்களைக் கொண்டு நாவின் உயரம் அவ்வரிசையில் எப்போதும் அமைவதில்லை எனக் காட்டினார். 1952இல் பீட்டர்சனும் பார்னியும் அமெரிக்க ஆங்கிலத்தை ஆராய்ந்தபோது, ஆடவர் குரலின் முதல் ஒத்ததிர்வு ஈகாரம் போன்ற ஒலிக்கு நொடிக்கு 270 அதிர்வாகவும், ஊகாரம் போன்றதற்கு 300ஆகவும், ஆகாரம் போன்றதற்கு 730ஆகவும் இருந்தது. ஆகவே 'உயரம்' என்பதில் செவிப்புலனின் பங்கு பெரிது. அதனைத் தொட்டறியும் இலக்கணத்துள் தேடுதல் பொருந்தாது.

அங்ஙனமாயின் கூட்டத்துள் உள்ள சிறு வேறுபாடு யாது? நன்னூலார் எடுத்தல், படுத்தல், நலிதல் முதலியவற்றால் அதனை விளக்க முயன்றார். இவை குரலின் ஏற்றத்தாழ்வையும் முயற்சியையும் பற்றியன. இகரத்தையும் எகரத்தையும் பிரிப்பன அல்ல.

பேச்சுத்தமிழ் இதற்குத் தெளிவான சான்று தருகிறது. இலை எலை ஆகிறது. குடம் கொடம் ஆகிறது. அடுத்த அசையின் அகர ஐகாரங்களால் இகரமும் உகரமும் தாழ்கின்றன, கூட்டம் மாறவில்லை. பிள்ளை புள்ளை ஆகும்போதும் பெட்டி பொட்டி ஆகும்போதும் கூட்டம் மாறுகிறது, உயரம் மாறவில்லை. முன்னிற்கும் இதழொலியும் பின்வரும் நாமடி ஒலியும் சேர்ந்து இதழைக் குவிக்கின்றன. இவ்விரண்டாம் மாற்றத்தைத் தொல்காப்பியரின் பகுப்பே செவ்வனே விளக்கிவிடும். பிழைப்பு பொழைப்பு ஆதலில் இரு மாற்றமும் ஒருங்கே நிகழ்கின்றன: இகரம் எகரமாகத் தாழ்கிறது; பின்னர் இதழ் குவிந்து ஒகரமாகிறது. பின்னதற்குப் பிறப்பியலில் பெயர் உண்டு, முன்னதற்கு இல்லை.