மூர்த்தியார் வேண்டாத முடி

மூர்த்தி நாயனார் புராணத்தைத் துறவுக்கதை எனக் கொள்வாருளர். அது பொருந்தாது. மதுரை வணிகராகிய இவர் ஆலவாய்ப் பெருமானுக்கு நாடோறும் சந்தனக்காப்பு அளித்தவர். நகரைக் கைக்கொண்ட கருநாட மன்னன் சந்தனம் கிடையாவாறு தடுப்பத் தம் முழங்கையையே கல்லில் தேய்த்தனர். அன்றிரவே அம்மன்னன் மகவின்றி மாண்டான். அமைச்சர் கண்கட்டி விடுத்த யானை நாயனாரைப் பிடர்மேல் ஏற்றியது.

அரசை அவர் மறுத்திலர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. மறுத்து மலையேறுதல் எளிது. திருநீறே அபிடேகமும், உருத்திராக்கமே அணியும், சடையே முடியும் ஆகுமாயின் ஆள்வேன் என்றார். பொன்னுக்கு மாற்றாய் வந்த வேறொரு கோலமன்றோ இது எனின், அன்று. பொன்முடி நாட்டைச் சூடியவனுக்கே உடைமையாக்கும். நீறோ பூசியவனையே பிறனொருவனுக்கு உடைமையாக்கும். அரசன் ஆலவாயில் வீற்றிருக்க, நாயனார் அவன் பணியாளராய் நின்று ஆண்டனர்.

இதனைப் பாடிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிற் சோழனுக்கு அமைச்சராயிருந்தவர் என்பர். அரசவையை அருகிருந்து அறியாதார்க்கு இந்நுட்பம் தோன்றுதல் அரிது என்றே எண்ணுகின்றோம்.

அவர் வேண்டாத முடியும் செங்கோலும் இன்றும் அந்நகரில், சித்திரைத் திருவிழாதோறும், அங்கயற்கண்ணம்மைக்கே சாத்தப்பெறுகின்றன.