பசி, பட்டினி, பஞ்சம்: சேலம் சீமையும் தாது வருஷமும்

உணவின்மையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றுப் பெயர்கள் அல்ல. பசி உடலின் உணர்வு; உண்டால் தீரும். உண்ண வேண்டிய வேளைகள் உணவின்றிக் கழிவது பட்டினி. அது விரதமாக ஏற்றதாகவும் இருக்கலாம், இல்லாமையால் நேர்ந்ததாகவும் இருக்கலாம். உயிரைக் குடிக்கும் அளவுக்கு நீண்டால் கொலைப்பட்டினி. பஞ்சமோ ஊரும் நாடும் சேர்ந்து படுவது. மழை பொய்த்து வரும் பஞ்சத்துக்கு இலக்கியத்தில் வற்கடம் என்றும் நாட்டு வழக்கில் கருப்பு என்றும் பெயர். பசியை நோயாகவே கண்ட மணிமேகலை, எவ்வளவு உண்டும் அடங்காத பசியை யானைத்தீ என்கிறது.

பட்டினி உடலில் படிப்படியாக இறங்குகிறது. ஈரலில் சேமித்த சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்கிறது. அதன்பின் கொழுப்பு கரைகிறது. அதுவும் குறைந்தபின் தசை பெருமளவில் கரைகிறது. பசி காதை அடைக்கிறது, கண்ணைக் கட்டுகிறது, வயிறு ஒட்டிப்போயிற்று என்று மக்கள் சொல்பவை இந்தத் தளர்ச்சியின் அடையாளங்களே. இறுதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பேதியோ காய்ச்சலோதான். அதனால் இறப்புப் பதிவேட்டில் பட்டினி என்ற சொல் அரிதாகவே ஏறுகிறது.

இச்சொற்களின் முழுப் பொருளும் சேலம், நாமக்கல் சமவெளியில் விளங்கியது 1876–78 பெரும் பஞ்சத்தில். தாது ஆண்டில் தொடங்கியதால் அது தாது வருஷப் பஞ்சம் எனப்பட்டது. மேட்டூர் அணை அப்போது இல்லை. அது 1934இல்தான் வந்தது. கம்பும் சோளமும் ராகியும் மானாவாரி நிலத்தை நம்பியிருந்தன. மழை தவறியதும் விளைச்சலோடு வயல்வேலையும் போயிற்று. தானிய விலை ஏறியபோது கையில் கூலியில்லாதவர்கள் முதலில் வீழ்ந்தார்கள். சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களின் நெசவாளருக்கு நேர்ந்ததும் அதுவே: சோற்றுக்கே பணம் போதாத ஊரில் துணி வாங்க ஆளில்லை. சேலத்துக்கு அதற்கு முன்பே ரயில் வந்திருந்தது. தானியம் வண்டியில் வந்து இறங்கினாலும், காசில்லாத வீட்டின் அடுப்பு எரியவில்லை. பஞ்சம் உணவுத் தட்டுப்பாடு மட்டுமன்று, உணவைப் பெறும் வழி அற்றுப்போவதுமாகும் என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் விளக்கியதற்கு இது தெளிவான முன்னுதாரணம்.

அரசு நிவாரணம் வேலைத்தளங்களிலும் கஞ்சி வார்க்கும் முகாம்களிலும் நடந்தது. 1877 தொடக்கத்தில், இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், உழைக்கும் ஆணின் நாள் கூலியை ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியத்தின் விலையும் சிறிது சில்லறையுமாகக் குறைத்தார். மண்வெட்டும் உடலுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். பின்னர் அளவு உயர்த்தப்பட்டது. அன்றைய பரந்த சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் சுமார் 19.7 லட்சம், 1881இல் சுமார் 16 லட்சம். இக்குறைவில் இறந்தோரும் ஊர்விட்டுப் போனோரும் அடங்குவர். சிலோன் தோட்டங்களுக்குச் சென்றோரும் அவர்களுள் உண்டு.

இந்த அழிவுக்குப் பின் 1880இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கையும் 1883இல் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பும் வந்தன. மழைக்குறைவு, விலையேற்றம், இடப்பெயர்வு ஆகியவற்றை முன்னறிகுறிகளாகக் கணக்கிடும் முறை உருவாயிற்று. மக்கள் நினைவைப் பஞ்சக் கும்மிகள் காத்தன. கொங்குப் பகுதியில் வழங்கிய அவற்றைப் புலவர் செ. இராசு தொகுத்துப் பதிப்பித்தார்.

நியாயவிலைக் கடையும் 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் பஞ்சத்தை இந்நிலத்திலிருந்து விலக்கிவைத்திருக்கின்றன. ஆயினும் பஞ்சம் இல்லாத ஊரிலும் ஒரு வீடு பட்டினி கிடக்க முடியும். பஞ்சத்தை மழைக்கணக்கும் சந்தை விலையும் காட்டிவிடும்; பட்டினியை வீட்டு வருமானத்திலும் குழந்தையின் எடையிலும் தேட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதும் நிர்வாகம், பஞ்சம் அறிவிக்கப்படும்வரை பட்டினியைக் காணாமலே இருந்துவிடும்.