நடுவம் தவறாத துளை

பழைய லாரியின் முன் ஹப்பில் 20 மில்லி போல்ட்டை எடுத்துவிட்டு 22 மில்லி போல்ட்டைப் பூட்டும் வேலையைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் கூடிப் பேசும்போதெல்லாம், பேச்சு போல்ட்டின் கனத்தில் தொடங்கிக் கனத்திலேயே முடிந்துவிடுவதை நெடுங்காலமாகக் கவனித்து வருகிறேன். கனத்தின் பிரயோஜனத்தை நான் மறுக்க வரவில்லை. ஒன்றரை மில்லி மரை கொண்ட 20 மில்லி போல்ட்டில் இழுவையைத் தாங்கும் பரப்பு 272 சதுர மில்லிமீட்டர்; 22 மில்லியில் அது 333. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஆயினும் அந்த வேலையின் சௌந்தரியம் போல்ட்டில் இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. போல்ட் போய் அமர்கிற துளையில்தான் அது இருக்கிறது. எத்தனையோ வருஷ ஓட்டத்தில் பழைய துளை இழந்துவிட்ட நடுவத்தை மீட்டுக் கொடுப்பதே காரியம். பெரிய போல்ட் அதற்கு ஒரு வியாஜம் என்பதே என் அபிப்பிராயம்.

பின் அச்சைப் பற்றி இவ்வளவு கவலைப்பட மாட்டேன். அங்கே இரட்டைச் சக்கரம். பாரத்தைச் சுமந்து, வண்டியை உந்திக்கொண்டு நேரே செல்வதோடு அதன் கடமை முடிகிறது. முன் சக்கரமோ ஒற்றையாக நின்று, பாரத்தையும் தாங்கி, திசையையும் காட்டி, ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டு நெருக்கத்தை முழுவதுமாகத் தன் ஹப்பிடம் ஒப்படைக்கிறது. அதோடு, கூம்பு நட்டால் சக்கரத்தை நிலைப்படுத்தும் பழைய வண்டிகளில், சக்கரத்தை நடுவில் நிறுத்துவதே போல்ட்டுகள்தாம். துளை ஒருபுறம் தேய்ந்து முட்டை வடிவாகி, போல்ட் ஒரு மயிரிழை சாய்ந்துவிட்டால், சக்கரம் தன் நடுவத்தை விட்டு விலகியே சுழலும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கும். டிரைவர் டயரைக் குறை சொல்வார்; மெக்கானிக் கிங்பின்னைக் குறை சொல்வார்; முதலாளி இரண்டையும் மாற்றிப் பணத்தை இழப்பார். துளையைச் சந்தேகிப்பவர் அபூர்வம்.

என் இளம்பிராயத்தில் நாமக்கல்லில், சேலம் போகும் சாலையோரத்துக் கடைசல் பட்டறை ஒன்றில், முதியவர் ஒருவர் இந்த வேலையைச் செய்வதை மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். அவர் கையில் ஹப் வந்ததும், முதலில் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் துடைத்து உலர்த்தி, போல்ட் துளைகளைச் சுற்றிச் சுண்ணாம்பைப் பூசி வெயிலில் வைத்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏதேனும் இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் சற்று நேரத்தில் கசிந்து வெள்ளையின்மேல் கருங்கோடாக எழும். கோடு எழுந்த ஹப்பை, எவ்வளவு கெஞ்சினாலும், அவர் தொடமாட்டார். துளையைப் பெரிதாக்குவது என்பது விளிம்பில் இருக்கும் கொஞ்சம் உலோகத்தையும் குறைப்பதாகும் என்பதால், அந்தப் பிடிவாதத்தில் தர்மம் இருந்தது.

அதற்குமேல் அவர் செய்ததைத்தான் நான் கலை என்று சொல்லுவேன். பழைய துளைகள் இருக்கும் இடத்தை அவர் லட்சியம் செய்வதே இல்லை. பேரிங் கப்புகள் இரண்டையும் கழற்றிவிட்டு, அவை அமரும் இரண்டு வட்டங்களையும் தொட்டு நிற்கும்படி கடைந்த ஒரு தண்டின்மேல் ஹப்பை ஏற்றி, மில்லிங் மிஷினின் சுழல் மேஜையில் நிறுத்தி, டயல் கேஜின் முள் அசையாமல் நிற்கும்வரை தட்டித் தட்டிச் சரி செய்வார். சக்கரம் எந்த அச்சைச் சுற்றிச் சுழலப் போகிறதோ அந்த அச்சே அவருக்குப் பிரமாணம். அங்கிருந்து ஆரத்தை அளந்து, பாகைகளைப் பிரித்து, ஒற்றை முனை போரிங் டூலால் ஒவ்வொரு துளையாகச் சீவுவார். தேய்ந்த துளையில் டூல் இறங்கும்போது, ஒரு பக்கம் உலோகச் சுருள் வரும், மறுபக்கம் வெறும் காற்றே வரும். இரண்டாம் சுற்றில் வெறுமை குறையும். மூன்றாம் நான்காம் சுற்றில் துளை முழுவட்டமாக, பழைய பிழையின் சுவடே இன்றி, தன் உண்மையான ஸ்தானத்தில் பிறக்கும். அந்தச் சத்தம் விட்டுவிட்டு ஒலிப்பதிலிருந்து இடையறாத ஒரே சுருதிக்கு மாறும் க்ஷணத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரீமரைப் போற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். என் மதிப்புக்குரிய நண்பர்களும் அவர்களில் சேர்த்தி. ரீமர் தரும் வழவழப்பும், அளவில் அது காட்டும் நேர்மையும் எனக்கும் சம்மதமே. ஆனால் ரீமர் இருக்கும் துளையைப் பின்பற்றிச் செல்லும் கருவி. துளை கோணலானால் அதுவும் கோணலாகவே அழகாகச் செல்லும். போரிங் டூலோ பழைய துளையின் கோணலுக்கு இணங்காமல் தன் அச்சையே பற்றி நிற்பது. முதலில் போரிங்கால் ஸ்தானத்தை நிர்ணயித்துவிட்டுக் கடைசிச் சீவலுக்கு மாத்திரம் ரீமரை விடுங்கள் என்று நான் அவர்களிடம் சொல்வதுண்டு. கைத் துளைக்கருவியை ஹப்பின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பெரிதாக்கும் வழக்கத்தைப் பற்றி வாதிக்கவே நான் தயாராக இல்லை.

துளையின் அளவு, போல்ட் கழுத்தின் பல்வரிக்கு ஒரு மில்லியில் பத்தில் ஒன்று இரண்டு பங்கு குறைவாக நிற்கவேண்டும். அதிகம் குறைந்தால் வார்ப்பு ஹப் வெடிக்கும். குறைவு போதாவிட்டால், என்றோ ஓரிரவு வழியில் டயர் மாற்றும்போது, நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றும். பல்வரி புது உலோகத்தில் தன் பாதையைத் தானே அறுத்துக்கொண்டு இறங்கவேண்டும். பழைய பள்ளங்களில் அமர்ந்தால் பிடிப்பு இராது. இறக்குவதற்குப் பிரஸ்தான் தகுந்த கருவி. ஹப்பின் விளிம்பை, துளையைச் சுற்றி ஒரு வளையத்தால் தாங்கி அழுத்தினால், போல்ட் ஒரே சீராக முனகிக்கொண்டு இறங்கித் தலை அமர்ந்ததும் மௌனமாகும். நட்டைப் போட்டு ஸ்பேனரால் இழுத்து அமர்த்துபவர்கள், வேலைக்கு வருமுன்பே மரையை நீட்டிக் களைப்படையச் செய்துவிடுகிறார்கள்.

போல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கரத்தின் பாரத்தைப் போல்ட் தன் உடம்பால் சுமப்பதாக எண்ணுவோர் பலர். நட்டின் இறுக்கத்தால் டிஸ்க்கும் ஹப்பும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, அந்த உராய்வே பாரத்தைச் சுமக்கிறது. இறுக்கம் தளர்ந்த பிறகுதான் போல்ட்டுக்கு வெட்டு விழத் தொடங்குகிறது. ஆகவே போல்ட்டிடம் நான் கேட்பது இழுவையைத் தாங்கும் குணம். உருட்டி எழுப்பிய மரை வேண்டும். அதில் உலோகத்தின் இழை அறுபடாமல் வளைந்து செல்கிறது. தலைக்குக் கீழே நல்ல வளைவு வேண்டும். அந்த வளைவுக்கு இடங்கொடுத்துத் துளையின் வாயையும் சரிவாகச் சீவியிருக்கவேண்டும். பளபளக்கும் முலாம் பூசிய போல்ட்டை விரும்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. மிகவும் கடினப்படுத்திய எஃகில் மின்முலாம் ஏற்றும்போது ஹைட்ரஜன் உட்புகுந்து அதை நொறுங்கும் இயல்புக்கு ஆளாக்கக்கூடும்; பாஸ்பேட் பூசி எண்ணெயிட்ட கறுப்பு போல்ட்டின் அடக்கமான நிறமே எனக்கு லக்ஷணமாகத் தெரிகிறது. இன்றைக்கோ கடைகளில் எதன் தலையைப் பார்த்தாலும் 10.9 என்ற பலத்தரம் பொறித்திருக்கிறது; அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தாலே பொய் வெளிப்பட்டுவிடும் போல்ட்டுகளும் அவற்றில் கலந்திருக்கின்றன.

பட்டறைகளும் மாறிவிட்டன. ஏர் கன் வந்த பிறகு, கையால் உணர்ந்து இறுக்கும் சம்பிரதாயம் போயிற்று. 22 மில்லி போல்ட்டுக்கு 600 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கே வழக்கம்; துப்பாக்கியோ ஒரு நட்டுக்கு அதைவிடக் கூடவும், அடுத்ததற்குக் குறையவும் கொடுத்துவிட்டுப் போகிறது. டிஸ்க்கும் ஹப்பும் சேரும் முகத்தில் பெயிண்டைத் தடவிக் கொடுப்பதை மரியாதை என்று நினைக்கிறார்கள். சில நூறு கிலோமீட்டரில் அந்தப் பெயிண்ட் நசுங்கி, இறுக்கமும் அதோடு போகிறது. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை ஓரங்கட்டி நட்டுகளை மறுபடி பார்த்த டிரைவர்களின் தலைமுறையை நான் கண்டிருக்கிறேன்; அவர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருந்ததில்லை.

இடமரையின் மறைவும் எனக்கு வருத்தமே. பிரிட்டிஷ் மரபில் வந்த லாரிகளில், 1955இல் எண்ணூர்த் தொழிற்சாலை லேலண்டோடு சேர்ந்த பின் நம் சாலைகளில் பெருகிய வண்டிகளிலும், இடப்புறச் சக்கரங்களுக்கு இடமரை போல்ட்டுகள் உண்டு; வண்டி முன்னோக்கி ஓடும்போது நட்டு தளரும் போக்கைத் தடுப்பதற்காக வைத்தது. பெரிய போல்ட் போடும்போது இரண்டு புறமும் வலமரையே போதும் என்கிறார்கள். சரியான இறுக்கம் இருக்குமானால் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இறுக்கத்துக்கு யார் உத்தரவாதம் என்பதுதான் என் கேள்வி.

கடைசியாக ஸ்டெப்னி. முன் ஹப்புக்கு மட்டும் 22 மில்லி போட்டால், அந்த நட்டின் கூம்புக்கு ஏற்ப டிஸ்க்கின் துளைகளையும் திறந்து அமர்விடத்தைப் புதிதாகச் சீவவேண்டும். அப்படிச் சீவிய சக்கரம் பின்னாலுள்ள 20 மில்லி போல்ட்டில் ஒழுங்காக அமராது, பின்சக்கரம் முன்னால் ஏறாது. ஒரே ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு இரண்டு அளவில் ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போது, அந்தப் பட்டறைக்காரர் வாங்கிய கூலியைத் திருப்பிக் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. முன் ஹப்பை மாற்றுகிறவர்கள் அடுத்த எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலையிலேயே பின் ஹப்புகளையும் மாற்றிவிடுவது நல்லது. அதுவரை இரண்டு ஸ்டெப்னிகளைச் சுமந்து செல்லவேண்டும், இரண்டிலும் அளவைப் பெயிண்டால் எழுதியிருக்கவேண்டும்.