சரிகை ஒட்டிய படங்கள்

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலைக் கண்டவர்கள் கருவறையின் முன்னே நிற்கும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களை மறந்திருக்கமாட்டார்கள். தொண்டைமான் குறும்பரை வென்றபோது அவர்களது கோட்டையிலிருந்து கொணர்ந்தவை அவை என்று தலவரலாறு கூறும். வீழ்ந்த ஒரு கோட்டையின் தூணுக்கு வேறோர் இடத்தில் வேலையிருக்கும் என்பதை அவ்வூர் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. அண்மையில் அங்கே ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது அத்தூண்கள் நம் நினைவில் எழுந்தன.

அவ்வில்லத்து அம்மையார் ஓய்வுபெற்ற தையலாசிரியை. காயலான் கடைகளில் கண்ணாடி உடைந்து கிடக்கும் பழைய படங்களைச் சட்டத்தின் விலைக்கே வாங்கி வருகிறார். (கடைக்காரருக்குப் படம் ஒரு பொருட்டன்று, தேக்குச் சட்டமே கணக்கு.) கிழிந்த பட்டுப்புடவையின் சரிகை, சட்டைப் பொத்தான், வளையல் துண்டு, காயவைத்த முட்டையோடு ஆகியவற்றைக்கொண்டு அப்படங்களைப் புதுப்பித்துச் சுவரில் மாட்டுகிறார். நாம் எண்ணியபோது பதினான்கு படங்கள் இருந்தன.

மறைக்காமல் சொல்வதானால், அவற்றுள் பாதிக்குமேல் நமக்குப் பிடிக்கவில்லை. மலையும் ஏரியும் வரைந்த ஒரு நாட்காட்டிப் படத்தில் வானம் முழுவதும் முட்டையோட்டால் நிரம்பியிருந்தது. ஏரியில் வானத்தின் நிழல் நீலமாகவே இருக்க, மேலே வானம் மட்டும் வெண்கற்காரையாக மாறிவிட்டது. உழைப்பு பெரிது, ஆனால் படத்தோடு அவ்வுழைப்பு பேசவில்லை.

இக்கலை நமக்குப் புதிதன்று. இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், வண்ணத்திற்கு ஒரு கல்லாகப் பல கற்களில் அச்சிட்டு, எண்ணெய் ஓவியம் போன்ற பளபளப்புடன் படங்களை வெளியிட்டது. அரண்மனைச் சுவரில் இருந்த இலக்குமியும் சரசுவதியும் எளியோர் கூடத்திற்கு வந்தார்கள். வந்த பின்னர், வீட்டுப் பெண்கள் அப்படங்களுக்குப் பட்டுத்துணி வெட்டிச் சேலை உடுத்தினார்கள். சரிகைக் கரை வைத்தார்கள். மணியும் சமிக்கியும் பதித்தார்கள். ஆயிரக்கணக்கில் ஒன்றுபோலவே அச்சாகி வந்த படம் இவ்வாறு ஒரு வீட்டின் தனிப்படமாயிற்று. இன்று செட்டிநாட்டு வீடுகளிலும் பழம்பொருள் அங்காடிகளிலும் அவற்றைக் காணலாம்.

அத்தகைய படங்களை உற்று நோக்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முகத்தின்மீது எதுவும் ஒட்டப்பட்டிருக்காது. கைகளும் பாதங்களும் பெரும்பாலும் அச்சில் வந்தபடியே இருக்கும். சேலையின் மடிப்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் துணியும் மடியும். பெயரறியாத அப்பெண்களுக்கு எங்கே கை வைக்கலாகாது என்பது தெரிந்திருந்தது. விமர்சன அளவுகோல் ஒன்று வேண்டுமெனில் இதைவிட நல்லது நமக்குத் தெரியவில்லை.

மேலை நாட்டார் செய்தது வேறு. 1919இல் மார்செல் துஷாம், மோனலிசா அச்சிட்ட மலிவான அஞ்சலட்டையில் மீசை வரைந்தார். டென்மார்க்கைச் சேர்ந்த ஆஸ்கர் யோர்ன், பழைய சந்தைகளில் வாங்கிய யாரோ சிலரின் ஓவியங்கள்மேல் தம் தூரிகையை ஓட்டி 1959இல் பாரிஸ் நகரில் காட்சிக்கு வைத்தார். முன்னவரது குறும்பை நாம் இரசிக்கிறோம். பின்னவரைப் பற்றி நமக்கு ஒரு தயக்கம் உண்டு: அடியில் இருக்கும் ஓவியரின் பெயர் போய், மேலே எழுதியவரின் பெயரே நின்றது.

அத்தயக்கமே அம்மையாரின் சுவரிலும் நமக்கு நேர்ந்தது. பதினான்கில் மிகச் சிறந்தது ஒரு திரு இருதயப் படம். கரையான் அரித்த கீழ்ப்பகுதியில், தம் தாயாரின் கூறைப்புடவைச் சரிகையை நான்கு விரற்கடை அகலத்திற்கு ஒட்டியிருந்தார். ஆண்டவரின் மேலாடை ஓரத்திலுள்ள பொன்கோட்டை அச்சரிகை அப்படியே ஏந்திக்கொண்டது. முகத்தைத் தொடவில்லை. நாம் நெடுநேரம் அதன் முன் நின்றோம். பிறகுதான், அத்தகைய படங்களின் அடியில் என்ன இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது: வீட்டில் திரு இருதயத்தை நிறுவிய நாள், குடும்பத்தாரின் பெயர்கள், குருவின் கையொப்பம்.

"இருந்தது ஐயா. பாதிப் பேர்தான் மிச்சம். பார்க்க மனசு பொறுக்கவில்லை, மூடிவிட்டேன்" என்றார்.

மூடியிருக்கலாகாது என்றோம்.

"எடைக்குப் போட்டவர்கள் பேர்தானே ஐயா?"

ஆசி பெற்ற பொருள்களை மரியாதையோடு பேணவேண்டும் என்னும் திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் விதியை நாம் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல நா எழவில்லை. நம் பெற்றோரின் வீட்டை விற்றபோது சுவரிலிருந்து இறக்கிய திரு இருதயப் படம் எங்கே போயிற்று என்பது நமக்கே தெரியாது. அதன் அடியில் நம் தந்தையாரின் கையெழுத்து இருந்தது. ஐந்து பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. போட்டவர் வேறு, பெயருக்குரியவர் வேறு என்பதை மட்டும் அவரிடம் சொன்னோம். ஏன் சொல்கிறோம் என்பதையும் சொன்னோம்.

அம்மையார் சற்றுநேரம் பேசவில்லை. அவர் பயன்படுத்துவது பூச்சி அண்டாதபடி மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசை. புட்டியில் வரும் வெள்ளைப் பசையைப் போலன்றி, நீர் பட்டால் இது இளகிவிடும். புதுப்பிக்கும் கலையில் இது சிறு செய்தியன்று. ஒட்டியதைப் பின்னால் வருபவர் பிரிக்க வழியிருக்கவேண்டும். படத்தை இறக்கி, ஈரத்துணியைச் சரிகைமேல் வைத்து, கால் மணி நேரம் பொறுத்து, நகத்தால் மெல்ல நெம்பினார்.

சரிகையோடு மையும் கொஞ்சம் வந்துவிட்டது. ஒரு பெயரின் முதல் எழுத்தும் 1958 என்னும் ஆண்டும் நின்றன. சரிகையை இரண்டாக வெட்டி, அவ்விரண்டுக்கும் இருபுறமும் வைத்துப் பார்த்து, "இப்படி ஒட்டட்டுமா ஐயா?" என்று கேட்டார்.