தையல் கூடையும் குளியல் தொட்டியும்

ஃப்ரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி டேவிட்டைப் (1748–1825) பற்றிப் பேச்சு எடுத்தாலே கூடவே ஒரு குற்றச்சாட்டும் வந்துவிடும்: காற்றடித்த பக்கம் சாய்ந்தவர். பதினாறாம் லூயியின் அரசுக்கு வரைந்தார், அதே லூயியைக் கொல்ல ஓட்டுப் போட்டார், ரோபெஸ்பியரோடு நின்றார், கடைசியில் நெப்போலியனின் முதன்மை ஓவியரானார். எல்லாமே உண்மைதான். ஆனால் இதைச் சொல்லி முடித்த பிறகும் அவருடைய ஓவியங்களைப் பற்றி நாம் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டோம். வேறு ஒரு கேள்வியோடு அவற்றிடம் போகலாம். இந்தப் படங்களில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்?

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு நிரலின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அருகருகே வைத்து, எந்த வரி சேர்ந்தது, எந்த வரி காணாமல் போனது என்று பார்ப்போம். டேவிட்டின் படங்களை வருஷ வரிசையில் அப்படி வைத்துப் பார்த்தால், அவரது வாழ்க்கை வரலாறு சொல்லாத ஒன்று தெரியவருகிறது.

முதலில் ‘ஹொரேஷி சகோதரர்களின் சபதம்’. ரோமில் 1784இல் வரைந்தது. நாலேகால் மீட்டர் அகலம். ரோமுக்கும் ஆல்பாவுக்கும் பகை. படைகள் மோதாமல் ஆளுக்கு மூன்று சகோதரர்கள் சண்டையிட்டு முடிவு காண வேண்டும் என்று ஏற்பாடு. நடுவில் அப்பா மூன்று வாள்களைத் தூக்கிப் பிடிக்கிறார். மூன்று மகன்களும் கைநீட்டிச் சத்தியம் செய்கிறார்கள். வலது ஓரத்தில் பெண்கள் சரிந்து கிடக்கிறார்கள். ஒருத்தி எதிரி வீட்டில் பிறந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். இன்னொருத்தி இந்த வீட்டுப் பெண், எதிரி வீட்டுப் பையனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். யார் ஜெயித்தாலும் இவர்களுக்கு இழவுதான். ஆண்களின் உடம்பில் எல்லாம் நேர்கோடு, பெண்களின் உடம்பில் எல்லாம் வளைகோடு. ஒரு ஆண்கூட அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

அடுத்தது ‘ப்ரூட்டஸ்’. பாஸ்டில் சிறை வீழ்ந்த அதே 1789இல் பார்வைக்கு வந்த படம். இவர் சீசரைக் குத்திய ப்ரூட்டஸ் இல்லை. அவருக்கும் பல நூற்றாண்டுகள் முந்தையவர். ரோமின் மன்னரை விரட்டிவிட்டுக் குடியரசை நிறுவியவர். மன்னராட்சியைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்த தன் இரண்டு மகன்களுக்கும் மரண தண்டனை கொடுத்தவர். டேவிட் தண்டனையை வரையவில்லை. பிணங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தை வரைந்தார். தியாகி அப்பா இடது மூலையில் நிழலுக்குள் உட்கார்ந்திருக்கிறார், பிணங்களுக்கு முதுகு காட்டியபடி. வெளிச்சம் முழுக்க மனைவிமீதும் மகள்கள்மீதும்தான். இரண்டு தரப்புக்கும் நடுவே மேசைமேல் ஒரு தையல் கூடை. அவ்வளவு பெரிய படத்தில், அவ்வளவு பெரிய கதையில், கண் போய் நிற்கிற இடம் அது. யாரோ தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்போதுதான் கதவு திறந்திருக்கிறது.

புரட்சிக்காரர்கள் இதைக் குடியரசுக்கான தியாகத்தின் படம் என்று கொண்டாடினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தியாகத்தைச் செய்தது ஒருவர், விலையைக் கொடுத்தது இன்னொருவர் என்று சொல்கிற படம் இது. விலை கொடுத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

டேவிட் தன் படம் சொன்னதைக் கேட்டாரா? 1793 ஜனவரியில் தேசியப் பேரவை உறுப்பினராக மன்னரின் மரணத்துக்கு ஓட்டுப் போட்டார். மன்னராட்சி மீது பற்றுக் கொண்டிருந்த மனைவி ஷார்லட் அவரைவிட்டுப் பிரிந்தார், 1794இல் விவாகரத்து. பொதுப் பாதுகாப்புக் குழுவில் உட்கார்ந்து கைது ஆணைகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவரின் வீட்டிலும் தையல் கூடை அனாதையானது.

அந்த வருஷத்தில்தான் அவருடைய ஆகச்சிறந்த படம் வந்தது: ‘மாராவின் மரணம்’. புரட்சிப் பத்திரிகையாளர் மாராவை 1793 ஜூலை 13 அன்று குளியல் தொட்டியில் வைத்து ஷார்லட் கொர்தே என்ற இளம்பெண் குத்திக் கொன்றார். நான்கே நாளில் கொர்தேயின் தலை வெட்டப்பட்டது. படத்தில் கொர்தே இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த மாராவின் துணைவி சிமோன் எவ்ராரும் இல்லை. மாராவைத் தொட்டியில் கிடக்கவைத்த தோல்நோயும் இல்லை. மேல்பாதி முழுக்க வெறுமை, கீழே கிறிஸ்துவைப்போல் சாய்ந்த ஒரு உடல். பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் காகிதத்தில். மாராவின் கையில் கொர்தே தந்த கடிதம். பெட்டிமேல் ஒரு பணத்தாளும் ஒரு குறிப்பும்: கணவனை நாட்டுக்காக இழந்த, ஐந்து குழந்தைகளுக்குத் தாயான ஒருத்திக்கு அதைக் கொடுக்க வேண்டுமாம். ஒருத்தி கொலைகாரி, இன்னொருத்தி உதவி பெறுகிறவள். அழுகிற முகம் என்று ஒன்றுகூடக் கிடையாது.

இங்கேதான் சிக்கல். இந்தப் படத்தின் அழகு அந்த நீக்கத்தால் வந்தது. ‘ப்ரூட்டஸ்’ இரண்டாகப் பிளந்த படம், கண் அங்குமிங்கும் அலைகிறது. ‘மாரா’வில் கண் ஒரே இடத்தில் நிற்கிறது, கேள்வி கேட்க அங்கே ஆளே இல்லை. ஒரு அஞ்சலிப் படத்தில் இத்தனை பேரை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இது சுவரில் மாட்டிய வெறும் அஞ்சலி இல்லை. கில்லட்டின் ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்த நாட்களில் பேரவையிலேயே வைக்கப்பட்ட படம். யார் இழக்கிறார்கள் என்பதை மறைத்துவிட்டால் எந்தத் தண்டனையும் தூய்மையாகத்தான் தெரியும்.

ரோபெஸ்பியர் வீழ்ந்ததும் டேவிட் சிறைக்குப் போனார். பிரிந்த மனைவி வந்து பார்த்தார். 1796இல் இருவரும் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். சிறையில் யோசிக்கத் தொடங்கி 1799இல் முடித்த ‘சபைன் பெண்கள்’ படத்தில், அப்பாவின் படைக்கும் கணவனின் படைக்கும் நடுவே ஹெர்சிலியா இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறாள். வலது ஓரத்தில் சரிந்து கிடந்தவள் நட்ட நடுவுக்கு வந்துவிட்டாள். இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முடியவில்லை. நெப்போலியனின் முடிசூட்டு விழாவுக்கு அவருடைய அம்மா வரவேயில்லை. டேவிட்டின் படத்தில் அவர் நடுமாடத்தில் உட்கார்ந்திருக்கிறார். 1810இல் முடித்த ‘கழுகுக் கொடிகள் வழங்கல்’ படத்தில் ஜோசஃபினை முதலில் சேர்த்திருந்தார். நெப்போலியன் அவரை விவாகரத்து செய்ததும் படத்திலிருந்து எடுத்துவிட்டார். வராதவர் வந்தார், இருந்தவர் காணாமல் போனார். இப்போது பெண்களின் இடத்தை முடிவுசெய்தது ஓவியர்கூட இல்லை.

டேவிட் சந்தர்ப்பவாதி என்பதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது: அவருக்குத் தெரிந்திருந்தது. ‘ப்ரூட்டஸ்’ வரைந்த கைக்கு விலை யார் தலையில் விழும் என்று தெரியும். தெரிந்தும் ‘மாரா’வை வரைந்தது. அதை இன்னும் நன்றாகவே வரைந்தது. கலை மனிதரைத் திருத்தும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ‘மாரா’ முன்னால் நானும் வாயடைத்துப் போகிறேன், மறுக்கவில்லை. ஆனால் எதை நம்புவது என்று கேட்டால், நிழலில் இருக்கும் அப்பாவைத் தாண்டி, மேசைமேல் இருக்கும் அந்தக் கூடையைத்தான் காட்டுவேன்.