பிறர் கணக்கில் ஒரு பதிவு

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நாலாவது அதிகாரத்தில் பவுல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கிரேக்க வினை வணிகர்களின் கணக்கேட்டிலும் புழங்கியது. தமிழ் பைபிள் அதற்கு ‘எண்ணுதல்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அருமையான பொருத்தம். கணக்கிடுவதற்கும் கருதுவதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான்.

ஆதாமின் பாவம் சந்ததியின் பற்றில். கிறிஸ்துவின் நீதி விசுவாசியின் வரவில். இந்த நீதி மனிதன் பேரில் எழுதப்படுகிறது என்றது லூதரன் மரபு. பேரேட்டுப் பதிவு மட்டும் போதாது, மனிதன் உள்ளுக்குள்ளேயே நீதியுள்ளவனாக வேண்டும் என்று 1547ல் டிரெண்ட் சங்கம் தீர்மானித்தது.

இந்த வழக்கு கவிதைக்குள் வந்தால் என்ன ஆகிறது? மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667ல் வெளிவந்தது. 1674ல் பன்னிரண்டு காண்டங்களானது. மூன்றாம் காண்டத்தில் பிதாவும் பன்னிரண்டாம் காண்டத்தில் மிகாவேலும் கோட்பாட்டைப் பிசகாமல் சொல்லிவிடுகிறார்கள். இறையியல் சரியாக இருக்கிறது, கவிதை அசையவில்லை.

பத்தாம் காண்டத்தில்தான் அசைகிறது. ஒருவன் பிழைக்கு ஓர் இனமே ஏன் தண்டனை பெற வேண்டும் என்று ஆதாமே கேட்கிறான். தன்னிடமிருந்து கெட்டதைத் தவிர வேறென்ன பிறக்கும் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறான். பதில் தர்க்கத்தை முடிக்கிறது. கேள்வி அப்படியே நிற்கிறது.

பிறகு ஏவாள் அவன் காலில் விழுந்து, தண்டனை முழுவதும் தன் தலையில் இறங்கட்டும் என்கிறாள். மூன்றாம் காண்டத்தில் குமாரன் பேசியதன் எதிரொலி இது. ஆனால் குமாரனுக்குத் தான் மரணத்திலிருந்து எழுவது தெரியும். ஏவாளுக்கு எதுவும் தெரியாது. கணக்காகப் பார்த்தால் அவள் பதிவு செல்லாது. உன் பங்கையே உன்னால் தாங்க முடியாது என்று ஆதாம் சொல்லிவிடுகிறான். ஆனாலும் அந்தச் செல்லாக் காசை வைத்துத்தான் இருவரும் மறுபடி வாழத் தொடங்குகிறார்கள்.

பிறன் கடன் கேட்காமல் தலையில் ஏறுவது வேறு, கேட்டு வாங்கிச் சுமப்பது வேறு. கோட்பாடு இரண்டுக்கும் ஒரே வினையைப் போடுகிறது. கவிதை, மில்டனின் பிரக்ஞையை மீறியோ மீறாமலோ, பேதத்தைக் காட்டிவிடுகிறது.

நம் விமர்சனமும் இந்தப் பேரேட்டைத்தான் எழுதிவருகிறது. கவிஞனுடைய கொள்கையின் நேர்மை கவிதைக்கு வரவு. அவன் சார்ந்த இயக்கத்தின் பாவம் கவிதைக்குப் பற்று. மனிதனுக்கு இந்தச் சலுகை கிடைக்கலாம். கவிதைக்குக் கிடையாது. அதன் நீதி அதற்குள்ளேயே இருந்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் டிரெண்ட் பக்கம்.